ஏலத் தோட்டத்தில் நிழலும் தேனீயும்

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

போடிநாயக்கனூர்ப் பட்டணத்தில் விடியற்காலையில் நடந்து செல்வோருக்கு முதலில் எதிர்ப்படுவன, மலையேறும் ஜீப்புகள். போடியிலிருந்தும், தேவாரம், கம்பம் முதலிய ஊர்களிலிருந்தும் ஆண்களும் பெண்களும் இருட்டோடு புறப்பட்டு, மெட்டுப் பாதைகளின் வழியே ஏலமலைத் தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் கீழே இறங்குகிறார்கள். மலையின் உச்சியில் இராஜ்ய எல்லை செல்கிறது. அதற்கு அப்பால் இடுக்கி ஜில்லா. ஆயினும் வீடு போடியிலும் நிலம் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கங்களிலுமாக வாழும் மிராசுதார்கள் நம்மிடையே பலர். ஆகையால் மலைமேல் ஒரு மரம் வெட்டப்பட்டாலும், ஒரு டப்பா மருந்து அடிக்கப்பட்டாலும், அதன் இலாப நஷ்டம் போடிச் சந்தைக்கு வந்து சேராமல் இருப்பதில்லை.

சென்ற நாற்பது ஆண்டுகளில் இப்பயிரில் நுழைந்த புதுமைகள் அநேகம். புதிய ரகம், புதிய மருந்து, புதிய உலர்த்தி, புதிய ஏல முறை ஆகிய இவற்றால் நம்மவர் அடைந்த நன்மை சிறிதன்று. ஆனால் ஒவ்வொரு புதுமையும் நிலத்தைப் பற்றிய நமது எண்ணத்தையும் கூடவே மாற்றியிருக்கிறது. அந்த மாற்றம் எவ்வளவு தூரம் நமக்கு அனுகூலமானது என்பதை நிதானித்துப் பார்ப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

முன்னாளைய சாகுபடி

ஏலம் இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமை மாறாக் காடுகளே அதன் பிறப்பிடம். பெரிய மரங்களின் அடியில், இலைமக்கு நிறைந்த மண்ணில், வடிகட்டி விழும் வெயிலில் வளர்ந்து பழகிய பயிர் அது. கடல்மட்டத்திற்குமேல் ஏறக்குறைய 600 முதல் 1,200 மீட்டர் வரையுள்ள சரிவுகளும், ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்குக் குறையாத மழையும் அதற்கு ஏற்றவை. நமது முன்னோர் காட்டை அடியோடு அழித்து ஏலம் வைக்கவில்லை. அடிச்செடிகளை மாத்திரம் நீக்கி, மரங்களை நிறுத்தி, அவற்றின் கீழே நட்டார்கள். இதனால்தான் மற்ற மலைப்பயிர்கள் வந்த இடங்களில் மலை மொட்டையானபோதும், ஏலம் வந்த இடங்களில் காட்டின் மேற்கூரை பெரும்பாலும் நிலைத்தது.

அக்காலத்து மகசூல் மிகக் குறைவு என்பதையும் மறைக்கலாகாது. 1980-களில்கூட இந்தியாவின் சராசரி மகசூல் எக்டேருக்கு நூறு கிலோவை எட்டவில்லை. நம் நாட்டிலிருந்து சென்ற இச்செடியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயிரிடத் தொடங்கிய குவாத்தமாலா தேசம், பின்னர் விளைச்சலில் நம்மை மிஞ்சி, உலகச் சந்தையில் முதலிடம் பெற்றது. விலை வீழ்ந்த ஆண்டுகளில் எடுப்புக் கூலிக்கும் கட்டாமல் தோட்டத்தைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கியவர்களைப் பெரியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆகவே, பழையதெல்லாம் நல்லது என்று சொல்வது அனுபவத்திற்கு ஒவ்வாது.

புதிய ரகமும் புதிய வழக்கமும்

இந்நிலையை மாற்றியவர்களில் முதலில் குறிப்பிடத்தக்கவர் ஒரு விவசாயியே. இடுக்கி ஜில்லா கட்டப்பனைப் பகுதியைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்பவர், தம் தோட்டத்துச் செடிகளைக் கூர்ந்து கவனித்து, அவற்றுள் மிகுதியாகக் காய்த்த வாழுக்கை இனத்துச் செடியைத் தெரிந்தெடுத்துப் பெருக்கினார். அதுவே ‘ஞள்ளானி’ என்னும் ரகம். நம்மவர் நாவில் ‘நல்லாணி’. தூரைப் பிரித்து நடுவதால் தாய்ச்செடியின் குணம் மாறாமல் வந்தது. காயும் பருமன். நல்ல பராமரிப்பில் எக்டேருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேலும் விளையக்கூடிய இந்த ரகம், 1990-களுக்குப் பிறகு ஏலமலை முழுவதும் பரவியது. மயிலாடும்பாறையில் 1978-இல் ஏற்பட்ட இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறையிலுள்ள ஆராய்ச்சி நிலையமும் வெளியிட்ட ரகங்கள் வேறு.

விற்பனையிலும் மாறுதல் உண்டாயிற்று. 2007-ஆம் ஆண்டு முதல் ஸ்பைசஸ் போர்டின் ஏற்பாட்டில் போடியில் மின்னணு ஏலம் நடைபெறத் தொடங்கிற்று. வியாபாரிகள் அவரவர் மேசையிலுள்ள கம்ப்யூட்டரில் விலை கேட்கிறார்கள். கேட்ட விலை அப்போதே பலகையில் தெரிகிறது. தன் சரக்கு எவ்விலைக்குப் போயிற்று என்று விளைவித்தவன் பிறர் வாயை நம்பவேண்டிய அவசியம் நீங்கிற்று. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை எட்டியது நம் நினைவில் உள்ளதே.

ஆனால் இந்தப் பெருவிளைச்சல் ரகம் தன்னோடு வேறொரு வழக்கத்தையும் கொண்டுவந்தது. அதிகமாகக் காய்க்கும் செடிக்கு அதிக உரம் வேண்டும். வெளிச்சம் சிறிது கூடினால் மகசூலும் கூடுகிறது என்பது கண்கூடு. ஆகவே உரம் கூடிற்று; நிழல் குறைந்தது. வயதான காட்டு மரங்கள் போன இடத்தில், விரைவில் வளரும் சில்வர் ஓக் ஒன்றே நின்றது. சில இடங்களில் அதுவும் இல்லை. நிழல் குறைந்த இடத்தில் மண் காய்ந்தது. கோடை நீர்ப்பாய்ச்சல் தவிர்க்கமுடியாததாயிற்று. இலைப்பேனும் தண்டுத் துளைப்பானும் மிகுந்தன என்று மருந்து வந்தது. முதலில் பூச்சி கண்டபோது அடித்தார்கள்; பின்பு மாதம் பிறந்ததும் அடித்தார்கள்.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அப்படி மாதம் தவறாமல் அடிக்கும்படி தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னவர்களில் நானும் ஒருவன். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் கையில் ஓர் அட்டவணை வைத்திருந்தேன். எந்தத் தேதிக்கு எந்த மருந்து என்று அதில் இருந்தது. பூச்சி இருக்கிறதா என்று பார்க்கும் கட்டம் அதில் இல்லை.

நேர்ந்த விளைவுகள்

முதலாவது, சரக்கின் மதிப்பு. கண்ணுக்குத் தெரிவது பச்சை நிறமும் பருமனும். பரிசோதனைச் சாலைக் கருவிக்குத் தெரிவது வேறு. தனி அளவு நிர்ணயிக்கப்படாத மருந்துக்கு ஐரோப்பிய நாடுகளில் அனுமதிக்கப்படும் எச்சம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். நூறு டன் காயில் ஒரு கிராம் என்றால் அதன் நுட்பம் விளங்கும். மேலும், ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஏறக்குறைய ஒரு கிலோவாகிறது. நீர் போய்விடுகிறது, மருந்து அதே அளவில் போவதில்லை. எனவே உலர்ந்த காயில் எச்சத்தின் வீதம் உயர்ந்து நிற்கக்கூடும். வளைகுடா நாடுகளே நமது பழைய வாடிக்கை. அங்கே சவூதி அரேபியாவிலும் 2018-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எச்சத்தின் காரணமாக நம் சரக்குக்குத் தடை நேர்ந்தது.

உள்நாட்டிலும் பரீட்சை வந்தது. 2023 ஜனவரியில், சபரிமலை அரவணைப் பிரசாதத்தில் சேர்ந்த ஏலக்காயில் அளவுக்கு மேற்பட்ட பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகப் பரிசோதனையில் கண்டதன்பேரில், அப்பிரசாதத்தின் விற்பனையைக் கேரள உயர்நீதிமன்றம் நிறுத்திற்று; லட்சக்கணக்கான டப்பாக்கள் தேங்கின. 2024-இல் உச்சநீதிமன்றம் அவ்வுத்தரவை நீக்கியது உண்மையே. எனினும் மாலை போட்டு மலையேறும் பக்தனின் கைப் பிரசாதம் வரையில் நமது தோட்டத்து வழக்கம் விசாரணைக்கு உள்ளாயிற்று என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, பருவத்தின் கொடுமை. 2018 ஆகஸ்டில் பெருமழையும் மண்சரிவும் ஏலமலையைத் தாக்கின. 2024 கோடையில் அதற்கு நேர்மாறாக வெப்பமும் வறட்சியும் வந்து, ஏராளமான தோட்டங்கள் தட்டையோடு காய்ந்தன. அவ்வருஷம் சித்திரையில் ஒரே சரிவில் அடுத்தடுத்திருந்த இரண்டு தோட்டங்களைப் பார்த்தேன். ஒன்றில் மரம் கழித்து ஏழெட்டு வருஷம். தூர்கள் வைக்கோல் நிறமாகச் சாய்ந்து கிடந்தன. மற்றதில் பலாவும் சந்தன வேம்பும் நின்றன. செடி வாடியிருந்தது, ஆனால் சாகவில்லை. இரண்டுக்கும் மழை ஒன்றே; ஓடையும் ஒன்றே.

மூன்றாவது, தேனீ. ஏலப்பூ தானாகக் கருவுறுவது அரிது. பூ அதிகாலையில் மலர்ந்து ஒரு நாளில் வாடிவிடும். காலை எட்டு மணி முதல் நண்பகல் வரையுள்ள நேரமே மகரந்தம் சேருவதற்கு உகந்தது. அந்நேரத்தில் தேனீ வந்தால் காய். வராவிட்டால் சரத்தில் பூக்காம்பு மாத்திரம். காலையில் கூலியாட்களின் கை ஓய்வாயிருக்கிறது என்று அதே நேரத்தில் மருந்தடித்தால், தனக்குச் சம்பளமின்றி வேலை செய்யும் ஆட்களைத் தானே விரட்டியவனாகிறான் தோட்டக்காரன்.

ஒரு செய்கை விளக்கம்

போடியில் வீடும் மெட்டுக்கு மேலே ஆறு ஏக்கர் ஏலமும் உடைய ஒரு பெரியவரிடம், சில ஆண்டுகளுக்குமுன் ஒரு செய்கை விளக்கத்திற்கு நிலம் கேட்டேன். அரை ஏக்கரில் வழக்கப்படி மாதாந்திர மருந்து. பக்கத்து அரை ஏக்கரில் பூச்சியைப் பார்த்த பிறகே மருந்து என்பது ஏற்பாடு. அவர் உடனே இசையவில்லை. “தம்பி, மாதம் தப்பாமல் அடிக்கச் சொன்னதும் நீங்கள்தான், இப்போது அடிக்காதே என்பதும் நீங்கள்தான். நட்டம் வந்தால் இலாகா கொடுக்குமா?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. முன்பு சொன்னது தவறு என்பதை ஒப்புக்கொண்டு, வாரம் ஒருமுறை நானே வந்து பார்ப்பதாக வாக்குக் கொடுத்தேன். அதன்மேல் அரை ஏக்கரை விட்டுக் கொடுத்தார்.

அவ்விடத்தில் செய்த வேலைகள் புதியன அல்ல. காய்ந்த இலையையும் இலையுறையையும் கவாத்து செய்து நீக்கினோம். இலைப்பேன் ஒளியும் இடம் அதுவே. துளைப்பான் விழுந்த தட்டைகளை வெட்டி அப்புறப்படுத்தினோம். வேர்ப்புழுவின் தாயான பளபளக்கும் சிறு வண்டுகள் பங்குனி, சித்திரையிலும், பின் ஆவணி, புரட்டாசியிலும் வெளிவரும். அவற்றைக் கைவலையால் பிடித்து அழித்தோம். அழுகல் நோய்க்கு மழைக்கு முன்னரே ஒரு சத வீதப் போர்டோ கலவை தெளித்தோம். பூக்காலத்தில் எக்டேருக்கு நான்கு தேனீப் பெட்டிகள் என்பது சிபார்சு. அந்த அளவில் பெட்டிகள் வைத்தோம்.

முதல் வருஷம் எங்களுக்கு மகிழ்ச்சி தரவில்லை. பார்த்து அடித்த பகுதியில் சொறி விழுந்த காய் சற்று அதிகமாகவே இருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. காயைக் கையில் எடுத்து எனக்குக் காட்டிவிட்டுக் கூடையில் போட்டார். இரண்டாம் வருஷம் சொறியில் வித்தியாசம் தெரியவில்லை. மருந்தும் அடிகூலியும் மிச்சமாயின. எடைக் கணக்கைக் காட்டிலும் எனக்கு உறுதி தந்தது காய் எடுக்கும் ஒரு பெண்மணியின் வார்த்தை. “இந்தப் பக்கம்தான் பூவிலே ஈ மொய்க்குது; அந்தப் பக்கம் சும்மா கிடக்குது” என்றாள். நான் கடியாரம் வைத்து எண்ணத் தொடங்கியது அதன் பிறகுதான். மூன்றாம் வருஷம் அவர் ஆறு ஏக்கரையும் இம்முறைக்கு மாற்றினார்.

ஓர் அரை ஏக்கர் அனுபவத்தைக் கொண்டு மலை முழுவதற்கும் சட்டம் வகுக்கலாகாது. ஆனால் அவரவர் தோட்டத்தில் ஒரு மூலையில் இதைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு அது போதிய காரணமாகும்.

புதிய கருவிகளின் சரியான உபயோகம்

இவ்வளவையும் கேட்டு, விஞ்ஞானத்தை விட்டு விலகும்படி சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். முன்பு விஞ்ஞானத்தைப் பூச்சியைக் கொல்வதற்கு மாத்திரம் உபயோகித்தோம். இனி நிலத்தை அறிவதற்கும் உபயோகிக்கவேண்டும் என்பதே கருத்து.

வேர்ப்புழுவை எடுத்துக்கொள்வோம். அதற்கு நோய் உண்டாக்கிக் கொல்லும் நுண்ணிய நூற்புழுக்களை ஆராய்ச்சி நிலையத்தார் மெழுகுப்புழுவின் உடலில் வளர்த்துத் தருகிறார்கள். அவ்வுடலைத் தூரின் அடியில் ஈரமண்ணில் புதைத்தால் போதும். நூற்புழுக்கள் வெளிவந்து வேர்ப்புழுவைத் தேடிச் செல்கின்றன. அழுகலுக்கு டிரைக்கோடெர்மா என்னும் பூஞ்சணத்தைத் தொழுவுரத்தில் பெருக்கி இடுகிறோம். இலைப்பேனைத் தாக்கும் ஒரு பூஞ்சணத்தையும் கோழிக்கோட்டிலுள்ள வாசனைப் பயிர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் கண்டுபிடித்துள்ளனர். இவற்றை இடும் நாட்களை ஒட்டி இரசாயனப் பூஞ்சண மருந்தைத் தெளித்தால் இரண்டும் வீண்.

உலர்த்துவதும் அப்படியே. ஸ்டோரில் விறகெரித்துக் காயை உலர்த்தும் வழக்கத்தில், விறகின் தேவை நிழல்மரத்தின் மேலேயே விழுகிறது. எரிவாயு, மின்சாரம் முதலியவற்றால் இயங்கும் உலர்த்திகளில் உஷ்ணத்தை 45 முதல் 55 டிகிரி சென்டிகிரேடுக்குள் நிறுத்தமுடிகிறது, காயின் பச்சை காக்கப்படுகிறது, மரமும் மிஞ்சுகிறது. நிறத்திற்காகச் சாயம் ஏற்றுவது குற்றம். உலர்த்துமுன் இரண்டு சத வீதச் சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிஷம் நனைத்தெடுப்பதே நிறம் காக்கப் போதுமானது.

இவையன்றி, காசு செலவில்லாத ஒரு கருவியும் உண்டு. பூக்காலத்தில், வெயில் தெளிந்த ஒரு நாள் காலை எட்டரை மணிக்குத் தோட்டத்தில் ஒரு தூரின் முன் உட்காரவேண்டும். கடியாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம், பூவில் வந்தமரும் தேனீக்களை எண்ணிக் குறித்துக்கொள்ளவேண்டும். தோட்டத்தின் நான்கு திசையிலும் இவ்வாறு செய்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை திரும்பச் செய்க. மருந்தடித்த மறுநாளும் எண்ணுக. எண்ணிக்கை குறைந்து, வாரக்கணக்கில் திரும்பாமல் இருந்தால், உமது மருந்தின் உண்மையான விலை கடைச் சீட்டில் எழுதியதைவிட அதிகம் என்று அறிக.

மருந்து அவசியமானால் கவனிக்கவேண்டியவை:

1. பூச்சியைக் கண்ணால் கண்டபிறகே அடிக்கவேண்டும். துளைப்பானுக்கு இளம்புழுப் பருவத்தில் அடிப்பதே பயன். தண்டுக்குள் சென்றபின் அடிப்பது வீண்.

2. ஏலப்பயிருக்கென்று பதிவான மருந்துகள் சிலவே. டப்பாவின் சீட்டில் ஏலத்தின் பெயர் உண்டா என்று படித்துப் பார்த்தே வாங்கவேண்டும். எண்டோசல்பான் 2011-இல் உச்சநீதிமன்றத்தால் தடுக்கப்பட்டது. தடையுள்ள சரக்கை எவர் மலிவாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது.

3. காய் எடுப்பு முடிந்த கையோடு, பிற்பகலில் அடிக்கவேண்டும். அடுத்த எடுப்புக்குச் சீட்டில் கண்ட நாட்கள் கழியவேண்டும்.

4. அடிக்கும் ஆளுக்கு முகமூடியும் கையுறையும் கொடுப்பது முதலாளியின் கடமை. காற்றுக்கு எதிர்முகமாக எவரையும் அடிக்கச் சொல்லலாகாது.

5. தேதி, மருந்து, அளவு, எடுப்பு நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவரவேண்டும். எச்சத்தைப் பற்றிக் கேட்கும் வியாபாரிக்கு அந்நோட்டே சாட்சி.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை

மலைக் கிராமங்களில் 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் செல்லும் இடங்களில், பட்டா நிலத்து மரமானாலும் அனுமதியின்றி வெட்டுவது கூடாது. வெட்டியபின் நடவடிக்கை எடுப்பதைவிட, வெட்டுமுன் நிலக்காரரை அழைத்து விளக்குவது நன்று. கிளையைக் கழித்து வெளிச்சம் விடுவது வேறு. மரத்தை அடியோடு சாய்ப்பது வேறு. மழைக்குமுன் நிழலைப் பாதியளவாக ஒழுங்கு செய்வது சாகுபடி முறையே. வறட்சி நஷ்டக் கணக்கு எடுக்கும்போது, நிழலுள்ள தோட்டத்தையும் நிழலற்ற தோட்டத்தையும் தனித்தனியே குறித்துவைத்தால், பின்வருவோருக்கு அது பெரிய பாடமாகும்.

முடிவுரை

மலைமேல் விழும் மழையில் ஒரு பங்கு கொட்டகுடி ஆறாக இறங்கி, போடி நிலங்களைத் தொட்டு வைகையில் சேர்கிறது. மேலே நிழல்மரம் நிற்கும்வரை அந்நீர் நின்று நிதானித்து வரும்; மரம் போனால் மழைநாளில் மண்ணோடு வந்து, கோடையில் வராமற்போகும். ஆகையால் ஏலத்தோட்டத்து நிழல், மலைமேல் தோட்டம் உடையவருக்கு மாத்திரம் உரியதன்று. கீழே நெல்லும் மாவும் வைத்தவருக்கும் அதில் பாத்தியதை உண்டு.

வருகிற வைகாசிக்குள் ஒவ்வொரு தோட்டக்காரரும் வெற்றிடம் கண்ட ஒவ்வோர் இடத்திலும் ஒரு பலாவோ, சந்தன வேம்போ, அயினியோ நடுவாராக. தோட்டத்தின் ஒரு மூலையை மாதாந்திர மருந்துக்கு விலக்கி, அங்கே தேனீயை எண்ணிப் பார்ப்பாராக. செய்கை விளக்கம் வேண்டுவோர் எழுதியனுப்பினால் நேரில் வர இலாகா ஊழியர் சித்தமாயிருக்கிறோம். இம்முறை நாங்கள் கொண்டுவரும் அட்டவணையில், பூச்சி இருக்கிறதா என்று பார்க்கும் கட்டமே முதலில் இருக்கும்.